தெரிந்தே விற்றேன்

நான் மண்பாண்டம் செய்கிறவள். நான் செய்து விற்ற ஜாடியில் தினமும் தயிர் சாப்பிட்ட ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. அந்த ஜாடியின் பூச்சில் ஈயம் இருப்பது எனக்குத் தெரியும். விற்கும்போதே தெரியும். பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்னைச் சுற்றியுள்ளவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே பேசவிட்டேன். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டால், சொல்லவே கூசுகிறது. ஒரு பச்சை நிறத்துக்காகச் செய்தேன்.

என் ஊர் கும்பகோணத்துக்குப் பக்கம். நாற்று பறிப்பதற்குச் சில நாள் முன்னால் நாற்றங்கால் ஒரு பச்சையில் நிற்கும். உள்ளிருந்து ஈரம் மினுங்கும் பச்சை. அதை ஒரு பாண்டத்தின் மேல் கொண்டுவர வேண்டும் என்பது எனக்கு வெறியாகவே இருந்தது. அந்த வெறிக்குள் ஒரு கணக்கும் இருந்தது. இந்தத் தொழிலில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பார்த்தவுடன் இது இவளுடையது என்று சொல்லும்படி ஒரு அடையாளம் எனக்கு வேண்டும். கலை ஆசை எவ்வளவு, பெயர் ஆசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பெயர் ஆசை குறைவாக இருந்தது என்று மட்டும் சொல்லமாட்டேன்.

தொழில் கற்றது புதுச்சேரியில். 1971இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, அந்த ஊரைச் சுற்றிக் கைப்பாண்டக்காரர்கள் ஒரு கூட்டமாகவே வளர்ந்துவிட்டார்கள். நான் கற்றது வேறொரு சின்னப் பட்டறை. சவுக்கு விறகு, 1,280 டிகிரி, கல்லாக இறுகும் ஸ்டோன்வேர். அந்தச் சூட்டில் சாம்பலும் இரும்பும் தரும் பச்சைகள் உண்டு. செலடான் என்கிற நீர்ப்பச்சை உண்டு. எல்லாம் அடக்கமான நிறங்கள். தாமிரம் கலந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்து எரித்தால் பச்சை போய்ச் சிவப்பு வரும். சோடா மிகுந்த பூச்சில் அதே தாமிரம் மயில்கழுத்து நிறம் காட்டும். நான் தேடிய பச்சை, குறைந்த சூட்டில் உருகும் காரீயப் பூச்சில் தாமிரம் கரையும்போது வருவது.

என் ஆசிரியர் இதைச் சொல்லித்தான் கொடுத்தார். கூடவே இதையும் சொன்னார்: "சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஈயம் வேண்டாம். தாமிரத்தோட சேர்ந்த ஈயம் வேண்டவே வேண்டாம்." காரணமும் விளக்கினார். ஈயத்தை மணலோடு உருக்கிக் கண்ணாடியாக்கி, அதைப் பொடித்த தூளுக்கு ஃப்ரிட் என்று பெயர். ஈயம் கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுக் கிடப்பதால் வெறும் ஈயத்தைவிட ஆபத்து குறைவு. தாமிரம் சேர்ந்தால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும். அதன் மேல் புளிப்புப் பட்டால் ஈயம் பல மடங்கு கரைந்து இறங்கும். இதை என் நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

சொந்தப் பட்டறை போட்ட பிறகு ஒரு நூலகத்தில் சீனத்துத் தாங் அரசர் காலப் பாண்டங்களின் படங்களைப் பார்த்தேன். சன்சாய் என்பார்கள். மூன்று நிறம்: பச்சை, தேன் நிறம், வெண்மை. குதிரையும் ஒட்டகமும் மேலிருந்து நிறம் வழிய நின்றன. என் பச்சை அங்கே இருந்தது. படத்துக்குக் கீழே, இவை பெரும்பாலும் கல்லறைக்குள் இறந்தவர்களோடு வைப்பதற்காகச் செய்யப்பட்டவை என்றும் போட்டிருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டு, அந்த நிறத்தைத் தயிர்ஜாடிக்குக் கொண்டுவந்தேன்.

தூள் மூட்டையில் என்ன இருக்கிறது என்று தெளிவாக அச்சடித்திருந்தது. லெட் பைசிலிகேட். எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஈய ஆக்ஸைடு. மின்சூளையில் 1,040 டிகிரி வைத்தேன். முதல் சூளை பிரித்தபோது அழுதேன். அவ்வளவு அழகு. விளிம்பில் தேன் நிறம், கீழே வர வர நாற்றங்கால். சும்மா சொல்லவில்லை, இன்றும் அந்த ஜாடிகளைப் பார்த்தால் மனம் ஒரு நொடி தடுமாறுகிறது. அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூச்சிலிருந்து ஈயம் இறங்குகிறதா என்று பார்க்கத் திட்டமான சோதனை உண்டு. நான்கு சதவீத அசெட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் நிரப்பி 24 மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு அந்த அமிலத்தில் எவ்வளவு ஈயம் என்று ஆய்வகத்தில் அளப்பார்கள். கண்காட்சியில் கடை போட நான் கொடுத்த வாடகையைவிட அதற்குக் குறைவாகத்தான் செலவாகும். நான் அனுப்பவில்லை. சோம்பல் என்று சொன்னால் பொய். அனுப்பினால் என்ன விடை வரும் என்று தெரியும். விடை வந்துவிட்டால் பச்சையை விட வேண்டும்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேளார் தெரு ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரியவர் அடுப்பும் சட்டியும் செய்து விற்பார். களிமண் வாங்கப் போகும்போதெல்லாம் அவரைப் பார்த்திருக்கிறேன். பூச்சு கிடையாது. செம்மண் குழம்பு தடவி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவார், அவ்வளவுதான். விற்பதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டியையும் இடதுகையில் ஏந்தி, விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். ஓசை சரியில்லை என்றால் ஓரம் கட்டிவிடுவார். வாங்குபவரும் சுண்டிப் பார்த்துத்தான் வாங்குவார். நான் அவரை மனதுக்குள் கைவேலைக்காரர் என்றும் என்னைக் கலைஞர் என்றும் வைத்திருந்தேன். சோதிக்காமல் ஒரு சட்டியைக்கூட அவர் விற்றதில்லை. நான் சோதித்து ஒன்றைக்கூட விற்றதில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

2017 டிசம்பர், சென்னையில் ஒரு கைவினைக் கண்காட்சி. மார்கழிக் கூட்டம். என் கடையில் பச்சை ஜாடிகள் மட்டும்தான். ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு ஜாடியைக் கையில் எடுத்தார். பக்கத்தில் ஓர் இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை. அவள் கையிலும் ஒரு ஜாடி.

"ஏம்மா, இந்தப் பச்சை தாமிரமா?"

"ஆமா சார்."

"எவ்வளவு சூட்டுல சுட்டது?"

"ஆயிரத்து நாப்பது."

"அப்ப லெட் கிளேஸ்தானே?"

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அலங்காரத்துக்கு மட்டும் வையுங்கள் என்று இன்னொரு வரி. அதைச் சொல்லியிருந்தால் பாதி ஜாடி விற்றிருக்காது, அவ்வளவுதான் நஷ்டம். நான் சிரித்தேன்.

"என்ன சார், ஈயச்சொம்புல ரசம் குடிச்சு வளந்தவங்கதானே நாம எல்லாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. "அது வெள்ளீயம்மா" என்றார். ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தார். ஈயச்சொம்பு செய்வது வெள்ளீயத்தில். என் பூச்சில் இருந்தது காரீயம். முன்னது ரசத்துக்கு மணம். பின்னது நஞ்சு. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் அந்த வேடிக்கையைச் சொல்லவில்லை. தெரிந்துதான், கேட்பவர்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொன்னேன். தெரிந்த ஒரே மனிதரையும் விடவில்லை. "சார் கெமிஸ்ட்ரி வாத்தியார் போல" என்றேன். மறுபடி சிரிப்பு. அவர் போய்விட்டார்.

அந்தப் பெண் கேட்டாள்: "இதுல தயிர் உறைய வைக்கலாமாக்கா? பாப்பாவுக்கு இப்பதான் தயிர்சாதம் ஆரம்பிச்சிருக்கோம்."

"தாராளமா. மண்பாத்திரத் தயிருக்கு ஈடு உண்டா?"

அதுவும் பொய்தான். வெறும் மண்சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால்தான் அதில் தயிர் கெட்டியாகிறது. கண்ணாடிபோல் பூச்சு உருகிய ஜாடியில் அது நடக்காது. செய்தித்தாளில் சுற்றி, சணல் கயிறு கட்டிக் கொடுத்தேன். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினேன்.

அதற்கு முந்தைய மாதம்தான், வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்திருந்தது. செய்தியைப் படித்து, நல்ல காரியம் என்று வீட்டில் சொன்ன ஞாபகம்கூட இருக்கிறது.

அடுத்த ஆண்டு ஒரு பத்திரிகையில் என்னைப் பேட்டி எடுத்தார்கள். கைவினைஞர்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வியைக் கேட்டார்கள்: உங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கிருந்து வருகிறது? அம்மாவோடு வரப்பில் நடந்தது, நாற்றங்கால், காவிரி என்று நான் பேசினேன். மூட்டையின் மேல் அச்சடித்திருந்த பெயரை மட்டும் சொல்லவில்லை. பேசியது எதுவும் பொய்யில்லை என்பதுதான் அதில் இருந்த வசதி. அகத்தூண்டல் என்று ஆரம்பித்துவிட்டால் பிறகு யாரும் கலவைக் கணக்கைக் கேட்பதில்லை. நானும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ எனக்கு அருளப்பட்ட நிறம் என்று நம்பத் தொடங்கியிருந்தேன். அருளப்பட்டதை ஆய்வகத்துக்கு அனுப்புவார்களா?

2019இல் அந்தப் பெண் வந்தாள். ஜாடியோடு கொடுத்த அட்டையை வைத்துப் பட்டறையைக் கண்டுபிடித்திருந்தாள். கணவரும் கூட வந்திருந்தார். குழந்தையைக் கொண்டுவரவில்லை.

குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை. பேச்சும் வரவில்லை. பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஈயத்துக்கு இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். அளவு கூடியிருந்தது. சுவர், பொம்மை, கண்மை, நாட்டு மருந்து, மஞ்சள்தூள், பாத்திரம் என்று வரிசையாக விசாரித்தாராம். பாத்திரம் என்றதும் அவளுக்கு என் கடை ஞாபகம் வந்திருக்கிறது. நான் அடித்த வேடிக்கையும்தான்.

நான் முதலில் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுக்குப் பழைய பெயின்டா? செக் பண்ணீங்களா?" என்றேன். மன்னிப்பு வாயில் வரவில்லை. மனம் அதற்குள் வக்கீல் வைத்துவிட்டது.

அவள் பதில் சொல்லாமல் பையிலிருந்து ஜாடியை எடுத்து மேசை மேல் வைத்தாள். உள்ளே பார்த்தேன். வாயிலிருந்து இரண்டு விரற்கடை வரை பச்சை பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பூச்சு வெளுத்து, பளபளப்புப் போய், பால் ஆடை படிந்ததுபோல் இருந்தது. விரலை வைத்துத் தடவினேன். சொரசொரத்தது. அந்தக் கோடுதான் தினமும் தயிர் நின்ற மட்டம். இரவு முழுக்கப் புளித்த தயிர், பூச்சை அரித்து எடுத்திருந்தது. அப்படி அரித்தது போன இடம் எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எத்தனை பேருக்கு வித்திருப்பீங்க?" என்று கணவர் கேட்டார்.

என்னிடம் கணக்கு இல்லை. கண்காட்சிகளில் ரொக்கத்துக்கு விற்றேன். பில் போட்டதில்லை. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு என்று ஊர்ப் பெயர்தான் சொல்ல முடிந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பணம் கொடுக்கப் பார்த்தேன். அவள் வாங்கவில்லை. திட்டவும் இல்லை. ஜாடியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அந்த ஜாடியை நிறுத்திய பிறகு குழந்தையின் இரத்தத்தில் அளவு இறங்கியது. மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்ற வேண்டிய கட்டத்துக்குப் போகவில்லை. இதைச் சொல்லி நான் ஆறுதல் தேடினால் நீங்கள் அனுமதிக்காதீர்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறது. இரத்தத்தில் அளவு சில மாதங்களில் இறங்கிவிடும். எலும்பில் போய்த் தங்கியது பல்லாண்டுகள் இருக்கும். மூளை வளர்ச்சிக்கு நேர்ந்த சேதம் திரும்பாது. அந்தக் குழந்தைக்குப் பேச்சு தாமதமானதற்கு இதுதான் காரணமா என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இனி அந்தக் குழந்தை பள்ளியில் ஒரு பாடத்தில் பின்தங்கினாலும் அந்தத் தாய்க்கு என் ஜாடி ஞாபகம் வரும். நான் அவளுக்குக் கொடுத்தது அதுதான்.

பிறகுதான் ஜாடியைச் சோதனைக்கு அனுப்பினேன். அனுமதிக்கப்பட்ட அளவைப் போலப் பல மடங்கு வந்தது. எனக்கு அதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவரைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. பட்டறையில் எனக்கு உதவியாக ஒரு பெண் இருந்தார். பக்கத்துத் தெரு, என்னைவிட இளையவர். தூளைச் சலிப்பது, கலக்குவது, ஜாடியைப் பூச்சில் முக்கி எடுப்பது எல்லாம் அவர் வேலை. முகமூடி வாங்கித் தரவில்லை. கையுறை தரவில்லை. அதே முற்றத்தில் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிடுவார். தூள் ஒட்டிய புடவையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைத் தூக்குவார். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பாண்டத் தொழிற்சாலைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பூச்சுத் தொட்டியில் வேலை செய்தவர்கள் ஈய நஞ்சால் கை முடங்கியதைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அது வரலாறு என்று நினைத்தேன். என் முற்றத்தில் நடப்பதற்கு அந்தப் பெயர் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

அவரையும் பிள்ளைகளையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு அளவு அதிகம். பிள்ளைகளில் மூத்தவனுக்கும் கொஞ்சம் இருந்தது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கேட்டார்: "தெரிஞ்சுதான் குடுத்தீங்களாக்கா?"

"தெரியும்" என்றேன். அன்றைக்குச் சொன்ன உண்மை அது ஒன்றுதான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. மருத்துவச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அது கடன்தான், தர்மம் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகாவது வாயைத் திறந்தேனா? இல்லை. பச்சை ஜாடிகளைச் சத்தமில்லாமல் நிறுத்தினேன். ஏன் இப்போது பச்சை செய்வதில்லை என்று கேட்டவர்களிடம், "அந்தக் கட்டம் முடிஞ்சுது, இப்ப வெள்ளை என்னைக் கூப்பிடுது" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். பாராட்டினார்கள். ஒரே நிறத்தில் தேங்கிவிடாமல் வளர்கிறாள் என்று ஒருவர் எழுதவும் செய்தார். ஊர் ஊராக விற்ற ஜாடிகள் அந்த நாட்களிலும் வீடுகளில் இருந்தன. யாரோ அவற்றில் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னால் தொழில் போய்விடும், பெயர் போய்விடும் என்று பயந்தேன். என் பயத்துக்கு அவர்கள் வீட்டுக் குழந்தைகள் விலை கொடுத்தார்கள்.

விற்காத ஜாடிகள் பூட்டிய அறையில் இருக்கின்றன. உடைத்துப் புதைத்தால் ஈயம் மண்ணில் இறங்கும் என்பதால் அப்படியே வைத்திருக்கிறேன். இப்போது ஸ்டோன்வேர் மட்டும் செய்கிறேன். ஈயம் இல்லாத பூச்சு, அதுவும் சோதனை முடிந்த பிறகுதான் விற்பனைக்கு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். 2016 முதல் 2019 வரை ஏதாவது கண்காட்சியில் நாற்றங்கால் பச்சையும் விளிம்பில் தேன் நிறமுமாக ஒரு ஜாடி வாங்கியிருந்தால், அடியைத் திருப்பிப் பாருங்கள். நெற்கதிர் முத்திரை இருந்தால் அது நான் செய்தது. அதில் தயிர், ஊறுகாய், புளி, எதையும் வைக்காதீர்கள். தண்ணீரும் வேண்டாம். அதை இன்னும் புழங்கிக்கொண்டிருந்தால், வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால், மருத்துவரிடம் ஜாடியைக் காட்டி, இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்காவது பரிசாகக் கொடுத்திருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஜாடியின் உள்ளே வெளுக்கவில்லை, அப்படியே பளபளவென்று இருக்கிறது என்று நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமலும் ஈயம் இறங்கும்.